பிறப்பு இறப்புப் பதிவும் நோய்ப் பதிவேடும்: ஆய்வுக்குத் தரவு தேடிப் போகிறவர்களுக்கு

"என் மாவட்டத்தில் போன வருடம் மாரடைப்பால் இறந்தவர்களின் பட்டியல் வேண்டும். எந்த ஆபீஸில் கேட்பது?" பொது சுகாதாரம் படிக்கிறவர்களும் சமூக மருத்துவத்தில் எம்.டி. செய்கிறவர்களும், சில நேரம் பத்திரிகையாளர்களும் கேட்கும் கேள்வி இது. அப்படியொரு பட்டியல் யாரிடமும் இல்லை என்றால் நம்பச் சிரமப்படுவார்கள். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் பேங்க் கணக்கைக்கூட முடிக்க முடியாத நாடு இது. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காகிதம் இருக்கும்போது அதில் காரணம் மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்பது நியாயமான சந்தேகம்தான்.

இந்தியாவில் உடல்நலத் தரவு நிறையவே இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆய்வுக்காக உண்டானதல்ல. சான்றிதழ் கொடுக்க ஒன்று, திட்டச் செலவைக் கண்காணிக்க ஒன்று, சிகிச்சையைத் தொடர ஒன்று என்று தனித்தனித் தேவைக்குப் பிறந்தவை. எந்தக் காகிதம் யார் கையால் எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்த பிறகு கேள்வியை அமைத்தால் பாதி வேலை முடிந்தது. தலைப்பை முதலில் முடிவுசெய்து, சினாப்சிஸையும் கொடுத்துவிட்டு, அப்புறம் தரவு தேடிக் கிளம்பினால் ஒரு வருடம் போய்விடும்.

இந்தக் கட்டுரை இந்தியாவைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து.

முதல் வேலை: படிவம் 2-ஐ எடுத்துப் படியுங்கள்

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். நடந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும். பிறப்புக்குப் படிவம் 1, இறப்புக்குப் படிவம் 2, இறந்தே பிறந்த குழந்தைக்குப் படிவம் 3. தேசிய அளவில் இதன் தலைமை உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இந்தியத் தலைமைப் பதிவாளர். மாநிலத்துக்கு ஒரு தலைமைப் பதிவாளர் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு பொது சுகாதாரத் துறை இயக்குநருடையது. கிராமத்தில் வி.ஏ.ஓ., நகரத்தில் சுகாதார ஆய்வாளர் என்று கீழே வேறு வேறு கைகள் எழுதுகின்றன.

படிவம் 2-ஐ ஒருமுறை அச்செடுத்து முழுவதும் வாசியுங்கள். அதில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று சட்டப் பகுதி: பெயர், தேதி, இடம், தாய் தந்தை அல்லது கணவன் மனைவி பெயர், முகவரி. பதிவேட்டில் ஏறுவதும் சான்றிதழில் வருவதும் இதுதான். மற்றது புள்ளிவிவரப் பகுதி: தொழில், கடைசி நேரத்தில் கிடைத்த மருத்துவ உதவி, இறப்புக்கான காரணம், பெண்ணாக இருந்தால் கர்ப்பம் அல்லது பிரசவத்தோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி. அதோடு இறந்தவர் புகைபிடித்தாரா, புகையிலை மென்றாரா, பாக்கு போட்டாரா, குடித்தாரா, எத்தனை வருடமாக என்றும் கட்டங்கள் உண்டு. இந்தப் பகுதி தனியே பிரிக்கப்பட்டுப் புள்ளிவிவரத் தொகுப்புக்குப் போகிறது.

புகையிலைக் கட்டத்தைப் பார்த்ததும் நோய்ப் பரவலியல் படித்தவருக்குக் கண் விரியும். கொஞ்சம் பொறுங்கள். அதை யார் நிரப்புகிறார்கள்? சுடுகாட்டு ரசீதும் ஆதார் நகலும் கையில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் சான்றிதழ் கிடைத்தால் போதும் என்று நிற்கிற மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ. "அப்பா குடிப்பாரா?" என்று கவுன்டரில் வைத்துக் கேட்டால் வருகிற பதில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டங்களை நம்பி ஓர் ஆய்வைத் தொடங்க வேண்டாம் என்பேன்.

இன்னொரு முக்கியமான விஷயம்: பதிவு நடப்பது நிகழ்வு நடந்த இடத்தில், குடியிருக்கும் இடத்தில் அல்ல. திருவண்ணாமலைக்காரர் சென்னை ஜி.எச்.சில் இறந்தால் அது சென்னையின் பதிவு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் குழந்தை அம்மா வீட்டு ஊரில் பதியும். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற நகரங்களில் இறப்பு விகிதம் வானத்துக்கு ஏறுவதும், சுற்றியுள்ள மாவட்டங்கள் ஆரோக்கியமாகத் தெரிவதும் இதனால்தான். புள்ளிவிவரப் பகுதியில் வழக்கமான குடியிருப்பு கேட்கப்படுகிறது. ஆகவே அட்டவணை கேட்கும்போது "குடியிருப்பு வாரியாக" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் நிகழ்ந்த இடப்படிதான் வந்து சேரும்.

இரண்டாவது: மரணக் காரணம் எங்கே நிற்கிறது

சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடச் சொல்லிச் சான்று வாங்கலாம். ஆனால் இறப்புச் சான்றில் காரணத்தை வெளியிடக் கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கும் இறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், காரணம் இருக்காது.

காரணத்துக்கென்று தனிக் காகிதம் உண்டு. ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்து மருத்துவர் சான்றளித்தால் படிவம் 4-ஏ. 2023-ல் சட்டம் திருத்தப்பட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையாக இருந்தாலும் காரணச் சான்றைக் கட்டணமில்லாமல் பதிவாளருக்குத் தர வேண்டும், ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். ஆய்வாளருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. குடும்பங்களை நேரில் சந்திக்கும் ஆய்வு என்றால், ஒப்புதல் வாங்கிக்கொண்டு அந்த நகலைக் காட்டச் சொல்லலாம்.

படிவம் 4-ஐ வாசிப்பது ஒரு தனிக் கலை. முதல் பாகத்தில் அ, ஆ, இ என்று வரிகள். மேல் வரியில் கடைசியாக உயிரைப் பறித்தது; அதற்குக் காரணம் கீழ் வரியில்; அதற்கும் காரணம் அதற்குக் கீழே. ஒழுங்காக எழுதியது இப்படி இருக்கும்: அ. ரத்த வாந்தி, ஆ. கல்லீரல் சிரோசிஸ், இ. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி. இரண்டாம் பாகத்தில், கூடவே இருந்த வேறு நோயாக, சர்க்கரை நோய். புள்ளிவிவரத்தில் ஏற வேண்டியது கடைசி வரியில் இருக்கும் ஹெபடைடிஸ். இதே மரணத்துக்கு அவசரத்தில் எழுதிய படிவத்தில் அ-வில் "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்" என்று இருக்கும், மற்ற வரிகள் காலி. இதயமும் மூச்சும் நிற்காமல் யார் இறக்கிறார்கள்? அந்த வரியிலிருந்து ஆய்வுக்கு ஒன்றும் கிடைக்காது. ராத்திரி டூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனைக் குறை சொல்லியும் பயனில்லை; இதை எப்படி எழுதுவதென்று அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு.

எத்தனை மரணங்களுக்கு இந்தச் சான்று இருக்கிறது? தேசிய அறிக்கைப்படி 2020-ல் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதம், 2021-ல் 23.4 சதவீதம். அதாவது நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அந்த நான்கில் ஒன்றும் பெரும்பாலும் நகரத்து ஆஸ்பத்திரி மரணங்கள். அதை வைத்து "இந்தியர்கள் எதனால் இறக்கிறார்கள்" என்று எழுதினால், ஆஸ்பத்திரியில் சேர முடிந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்றுதான் எழுதியதாகும்.

மீதி மரணங்களுக்கு என்ன வழி? மாதிரிப் பதிவு முறை என்ற எஸ்.ஆர்.எஸ். இருக்கிறது. 1960-களின் நடுவில் சோதனையாகத் தொடங்கி 1970-வாக்கில் முழுமையானது. தேர்ந்தெடுத்த கிராமங்களிலும் நகர வட்டங்களிலும் உள்ளூரைச் சேர்ந்த பகுதிநேரக் கணக்கெடுப்பாளர் பிறப்பு இறப்பை வருடம் முழுவதும் குறிக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வந்து கணக்கெடுக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மறுபடி போய்ச் சரிபார்க்கிறார்கள். சிசு மரண விகிதம், தாய் மரண விகிதம் என்று செய்தித்தாளில் வருகிற எண்கள் பெரும்பாலும் இதிலிருந்து வருகிறவை. மாநிலத்துக்கு நல்ல எண் கொடுக்கும். மாவட்டத்துக்குக் கொடுக்காது, மாதிரி அளவு போதாது. எஸ்.ஆர்.எஸ்ஸில் மாவட்ட எண் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எஸ்.ஆர்.எஸ். வீடுகளில் நடந்த மரணங்களை வைத்துத்தான் பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு நடந்தது. தலைமைப் பதிவாளர் அலுவலகமும் டொரான்டோவில் பிரபாத் ஜா தலைமையிலான மையமும் சேர்ந்து 1998 முதல் 2014 வரையான மரணங்களை எடுத்துக்கொண்டன. களப் பணியாளர் குடும்பத்தாரிடம் நோயின் கதையைக் கேட்டு எழுதுவார். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக வாசித்துக் காரணத்தை முடிவு செய்வார்கள். வெர்பல் அட்டாப்ஸி என்று இதற்குப் பெயர்.

இதே முறையில் சென்னையில் நடந்த ஒரு வேலையைப் புதியவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். வேந்தன் கஜலட்சுமி குழுவினர் 1990-களின் பிற்பாதியில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளை எடுத்து, முகவரி பிடித்து வீடு வீடாகப் போய், 48,000 வயதுவந்தோர் மரணங்களுக்குக் காரணம் திரட்டினார்கள். நகரத்தோடு விழுப்புரம் கிராமப் பகுதிகளையும் சேர்த்து, 43,000 ஆண்களின் மரணங்களைக் கொண்டு புகைபிடித்தலை ஆராய்ந்த கட்டுரை 2003-ல் வெளிவந்தது. புகைபிடிக்கிற ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிடப் பல மடங்கு என்று அதில் தெரிந்தது. பதிவேட்டில் காரணம் சரியாக இல்லை என்று அவர்கள் விட்டுவிடவில்லை. பதிவேடு யார், எங்கே, எப்போது என்று சொல்லியது. எதனால் என்பதை வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். பதிவேட்டை முகவரிப் புத்தகமாகப் பயன்படுத்துவதும் ஆய்வுமுறைதான்.

காரணமே தேவைப்படாத கேள்விகளும் உண்டு. கொரோனா காலத்தில் எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று சென்னை மாநகராட்சி இறப்புப் பதிவை வைத்தே கணக்கிட்டார்கள். வாரவாரம் எத்தனை இறப்பு என்ற எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. நாடு முழுக்கப் பதிவான இறப்பு 2020-ல் சுமார் 81 லட்சம், 2021-ல் ஒரு கோடியே 2 லட்சம். வெயில் அலை, வெள்ளம், புயல் போன்றவற்றின் பாதிப்பை அளக்க விரும்புகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தும்.

மூன்றாவது: புற்றுநோய்ப் பதிவேடு

இந்தியாவில் நோய்ப் பதிவேடு என்றால் பலம் வாய்ந்தது புற்றுநோய்க்குத்தான். மும்பையில் 1963-லேயே ஒன்று தொடங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1981 இறுதியில் வந்தது. 1982 தொடக்கத்திலிருந்து மும்பை, பெங்களூரு, சென்னை மூன்றும் மக்கள்தொகைப் பதிவேடுகளாக இயங்குகின்றன. இப்போது திட்டத்தை நடத்துவது பெங்களூருவில் உள்ள தேசிய நோய்த் தகவலியல் ஆய்வு மையம், என்.சி.டி.ஐ.ஆர். என்று அழைப்பார்கள். 2020-ல் வந்த தேசிய அறிக்கையில் 28 மக்கள்தொகைப் பதிவேடுகளும் 58 மருத்துவமனைப் பதிவேடுகளும் இடம்பெற்றன.

இந்த இரண்டு வகைக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். மருத்துவமனைப் பதிவேடு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு. வேலூர் சி.எம்.சி.க்கு மேற்கு வங்கத்திலிருந்து ரயில் ஏறி வருகிறவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டு, "வேலூர் மாவட்டத்தில் புற்றுநோய் அதிகம்" என்று சொல்ல முடியாது. சிகிச்சை முறை, எந்தக் கட்டத்தில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, தொடர் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு மருத்துவமனைப் பதிவேடு நல்லது. லட்சத்துக்கு எத்தனை பேர் என்று சொல்ல மக்கள்தொகைப் பதிவேடு வேண்டும். அது வரையறுத்த எல்லைக்குள் குடியிருப்பவர்களை மட்டும், அவர்கள் எங்கே சிகிச்சை எடுத்தாலும் தேடிப் பிடித்து எண்ணும்.

தேடிப் பிடித்து என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. சென்னைப் பதிவேடு அடையாறு புற்றுநோய் மையத்தில் இருக்கிறது. அதன் பணியாளர்கள் அரசு ஆஸ்பத்திரி, தனியார் நர்சிங் ஹோம், நோய்க்குறியியல் லேப், ஸ்கேன் சென்டர் என்று ஏறி இறங்கிக் கேஸ் ஷீட் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவையும் வாங்கித் தங்கள் நோயாளிப் பட்டியலோடு பொருத்துகிறார்கள். "புற்றுநோய்" என்று எழுதிய மரணங்களை மட்டும் பொருத்தினால் போதாது. பலருக்குக் காரணம் வேறாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே எல்லா மரணங்களோடும் பொருத்த வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்யாத பதிவேட்டில் புற்றுநோயாளிகள் சாவதே இல்லை என்பது போல உயிர்வாழ்வு விகிதம் அழகாக வரும். அந்த அழகைச் சந்தேகிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு பதிவேட்டின் தரத்தைப் பார்க்க அறிக்கையின் பின்பக்க அட்டவணைகளுக்குப் போங்கள். மூன்று எண்கள். எத்தனை சதவீதம் மைக்ராஸ்கோப்பில் உறுதியானவை என்பது ஒன்று. மிகக் குறைவு என்றால் நோயறிதல் பலவீனம். கிட்டத்தட்ட நூறு என்றால் லேபுக்கு மட்டும் போய்விட்டு மற்ற இடங்களை விட்டிருக்கிறார்கள். இறப்புச் சான்றின் மூலமாக மட்டுமே தெரியவந்தவர்கள் எத்தனை சதவீதம் என்பது இரண்டாவது. புது நோயாளிகளோடு ஒப்பிட்டால் மரணங்கள் எவ்வளவு என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பார்க்காமல் இரண்டு பதிவேடுகளை ஒப்பிடக் கூடாது.

கிராமப்புறத்துக்கு மகாராஷ்டிரத்தின் பார்சி பதிவேடும், நம் பக்கம் 2003-ல் தொடங்கிய திண்டுக்கல் அம்பிளிக்கைப் பதிவேடும் முன்னோடிகள். 2012 முதல் மாநிலம் முழுவதையும் தழுவித் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் நடக்கிறது. இதன் அறிக்கைகளில் மாவட்ட எண்கள் கிடைக்கும். நாற்பது வருடத் தொடர்ச்சி என்ன தரும் என்பதற்குச் சென்னையே சாட்சி. பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று படிப்படியாக இறங்கியதும், மார்பகப் புற்று ஏறி அதை முந்தியதும் இந்த நகரத்தின் பதிவேட்டில் வருடாவருடம் தெரிகிறது.

குளோபோகான் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. லியோனில் உள்ள உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிடும் அந்த இந்திய எண்கள் மதிப்பீடுகள். சில பதிவேடுகளின் எண்ணை நாட்டுக்கு நீட்டிக் கணக்கிட்டவை. அளந்த எண் வேண்டுமென்றால் அதே முகமை தொகுக்கும் ஐந்து கண்டங்களின் புற்றுநோய்த் தொகுதிகளில் சென்னை, மும்பை போன்ற பதிவேடுகளின் வயதுவாரி எண்கள் இலவசமாகவே உள்ளன.

மற்ற நோய்களுக்கு இந்த அளவு வசதி இல்லை. காசநோய்க்கு நிக்ஷய் என்ற அரசின் இணையப் பதிவுத் தளம் உண்டு. 2012 மே முதல் தனியார் மருத்துவரும் காசநோயாளியைத் தெரிவிப்பது கட்டாயம். ஆனால் அது சிகிச்சைத் திட்டத்துக்கான அமைப்பு. எண்ணிக்கை ஏறினால் நோய் கூடியதா, அறிவிப்பது கூடியதா என்று கேட்காமல் நகரக் கூடாது.

நான்காவது: இன்றைக்கே எடுக்கக்கூடியவை

சி.ஆர்.எஸ். எனப்படும் பிறப்பு இறப்புப் பதிவு முறையின் ஆண்டறிக்கை, மரணக் காரண அறிக்கை, எஸ்.ஆர்.எஸ். அறிக்கைகள், புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகள் எல்லாம் பி.டி.எஃப். வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் தாமதம் அதிகம். 2021-க்கான சி.ஆர்.எஸ்., மரணக் காரணம், எஸ்.ஆர்.எஸ். அறிக்கைகள் வெளிவந்தது 2025 மே மாதம். 2020-ல் வந்த புற்றுநோய் அறிக்கையில் இருப்பது 2012 முதல் 2016 வரையான தரவு. "சமீபத்திய நிலை" என்று தலைப்பு வைக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

வெளியிடப்பட்ட அட்டவணை போதாது, வேறு மாதிரிப் பிரித்து வேண்டும் என்றால் எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். பெயர், முகவரி கேட்டால் மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும். அவர்கள் ஏற்கெனவே தொகுத்து வைத்திருக்கும் எண்ணிக்கையைக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்காகப் புதிதாகத் தொகுத்துக் கொடுக்கும் கடமை அவர்களுக்கு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது: காலி அட்டவணை, பிறகு கடிதம்

தரவு கேட்டு எழுதும் முன், உங்கள் கட்டுரையில் வரப்போகும் அட்டவணைகளை எண் இல்லாமல் வரைந்துகொள்ளுங்கள். வரிசையில் வயதுப் பிரிவு, நெடுக்கில் ஆண்டு, ஆண் பெண் என்று. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப எந்தத் தகவல் வேண்டும் என்று பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் கேட்காதீர்கள். பிறந்த தேதி கேட்கிற பலருக்கு வேண்டியது ஐந்து வருட வயதுப் பிரிவு மட்டுமே. வீட்டு முகவரி கேட்கிறவர்களுக்கு வேண்டியது வட்டமோ ஒன்றியமோதான். தேவைக்கு மேல் கேட்கிற ஒவ்வொரு தகவலுக்கும் குறைந்தது ஒரு கூட்டமாவது தள்ளிப்போகும்.

காலி அட்டவணையைக் கடிதத்தோடு இணைத்து அனுப்பினால் இன்னொரு லாபம். அந்தப் பக்கம் புள்ளிவிவர அலுவலர் அதைப் பார்த்ததும் "சார், இது எங்களிடமே தொகுத்தது இருக்கிறதே" என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. தனிநபர் தரவே வேண்டாமல் போகும்.

தனிநபர் தரவுதான் வேண்டும் என்றால், பெயர் நீக்கியது போதுமா, வேறு பட்டியலோடு பொருத்தப் பெயரும் வேண்டுமா என்று தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டாவது பல மடங்கு கடினம். பல நேரங்களில் நல்ல வழி, உங்கள் பட்டியலை அவர்களிடம் கொடுத்து, அவர்களே தங்கள் இடத்தில் பொருத்தி, பெயரை நீக்கித் திருப்பித் தருவது. பதிவேட்டுக்காரர்களுக்கு இது நிம்மதி, உங்களுக்கும் பொறுப்பு குறைவு. புற்றுநோய்த் தரவுக்கு அந்தந்தப் பதிவேட்டின் தலைமை ஆய்வாளரை அணுகுங்கள். பல பதிவேடுகளை ஒன்றாக எடுக்க வேண்டுமென்றால் என்.சி.டி.ஐ.ஆர். தமிழ்நாட்டின் இறப்புப் பதிவுக்குத் தலைமைப் பதிவாளர், அதாவது பொது சுகாதாரத் துறை இயக்குநர். நகராட்சியிலோ மாநகராட்சியிலோ தெரிந்தவர் மூலம் எக்செல் கோப்பை பென் டிரைவில் வாங்கி வருகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். எந்த நெறிமுறைக் குழுவும் அதை ஏற்காது. நல்ல இதழ்கள் அனுமதிக் கடிதம் கேட்கும்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி எப்போது? பொதுவில் கிடைக்கும் அட்டவணைகளுக்கு, ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள்படி மறுஆய்விலிருந்து விலக்கு கேட்கலாம். அந்த விலக்கையும் குழுதான் தர வேண்டும், நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது. அடையாளம் நீக்கிய பதிவுகளுக்குப் பெரும்பாலும் விரைவு மறுஆய்வு. ஆயிரக்கணக்கான பழைய பதிவுகளுக்கு ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்க இயலாது என்றால், ஒப்புதல் விலக்கு ஏன் தேவை என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். குழு சுகாதார ஆய்வுத் துறையில் பதிவு பெற்றதா என்றும் பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ நிதியோ சேர்ந்திருந்தால் சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழுவான ஹெச்.எம்.எஸ்.சி. அனுமதியும் வேண்டும், அதற்கென்று மாதங்களை ஒதுக்கிவிடுங்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் ஒரு விலக்கு தருகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது, வகுத்த தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

அனுமதி வருவதற்குள் கை சும்மா இருக்க வேண்டாம். அமெரிக்காவின் சீர் (SEER) என்ற புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவு 1970-களிலிருந்து இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்து ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால் கட்டணமின்றிக் கிடைக்கும். வயது சீரமைத்த விகிதம் (இரண்டு ஊர்களின் வயதுக் கலவை வேறுபாட்டை நீக்கிக் கணக்கிட்டது), உயிர்வாழ்வு வளைவு எல்லாவற்றையும் அதில் பழகி, புரோகிராமை எழுதி வைத்துவிடுங்கள்.

ஆறாவது: கோப்பு வந்த பிறகு

முதலில் வயதைப் பாருங்கள். 50, 55, 60, 65 ஆகிய இடங்களில் கோபுரம் கோபுரமாக நிற்கும். வயது தெரியாதபோது முழு எண்ணாகச் சொல்கிற பழக்கம் அது. ஐந்து வருடப் பிரிவாக்கினால் ஓரளவு அடங்கும்.

பெயர் பொருத்துகிறவர்கள் இங்கே நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். அயல்நாட்டு மென்பொருள்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று எதிர்பார்க்கின்றன. நம்மிடம் இருப்பது இனிஷியல். ஒரு பதிவில் "எஸ். முருகன்", இன்னொன்றில் "முருகன் சுப்பிரமணி", மூன்றாவதில் "முருகன், த/பெ சுப்பையா". ஆஸ்பத்திரி சீட்டில் செல்வியின் பெயரோடு அப்பா பெயர் இருக்கும். இறப்புப் பதிவில் கணவர் பெயர். லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி மூவரும் ஒருவரே. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது இன்னும் நாலைந்து விதம் சேரும். ழகரம் வருகிற பெயர்களைச் சொல்லவே வேண்டாம். ஆங்கில ஒலிப்புக் குறியீட்டு முறைகளை அப்படியே ஓட்டினால் பாதி ஆட்கள் தொலைவார்கள். இனிஷியலைத் தனிப் பத்தியாக்குங்கள், தந்தை பெயரும் கணவர் பெயரும் இரண்டுமே ஒப்பிடப்படட்டும், தெருப் பெயருக்கும் வயதுக்கும் சேர்த்து மதிப்பெண் கொடுங்கள். நடுத்தர மதிப்பெண் வாங்கிய ஜோடிகளைக் கணினியிடம் விடாமல் தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். இறந்தவரைப் பெயர் கொண்டு தேடிப் பார்க்க நாடு முழுவதற்குமான இறப்புக் குறியேடு இந்தியாவில் இல்லாததால் இந்த உழைப்பைத் தவிர்க்க வழியில்லை. அமெரிக்காவில் 1979 முதலான மரணங்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது.

அடுத்தது வகுக்கும் எண், அதாவது மக்கள்தொகை. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு 2011 முதல் 2036 வரையான அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணிப்பைப் பயன்படுத்தலாம், அது மாநில அளவுக்கு. மாவட்டத்தில் சிக்கல் வேறு. 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. அன்றைய விழுப்புரத்துக்குள் இன்றைய கள்ளக்குறிச்சி இருக்கிறது. அன்றைய வேலூருக்குள் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். புதிய மாவட்டத்தின் மரணங்களைப் பழைய மாவட்டத்தின் மக்கள்தொகையால் வகுத்துவிட்டு "மரண விகிதம் பாதியாகக் குறைந்தது" என்று மகிழ வேண்டாம். சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. நீங்கள் எடுக்கும் தரவு எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீண்ட காலத் தொடர் வேண்டுமென்றால் பழைய எல்லைக்கே எல்லா வருடங்களையும் கொண்டுவருவதுதான் எளிது.

வயது சீரமைத்த விகிதத்தை ஒப்பிடும்போது இருவரும் ஒரே திட்ட மக்கள்தொகையை, அதாவது ஒப்பீட்டுக்கு அளவுகோலாக வைக்கும் வயதுக் கலவையை, பயன்படுத்தினார்களா என்று பாருங்கள். புற்றுநோய்ப் பதிவேடுகள் சேகி என்பவர் பெயரில் வழங்கும் பழைய உலக மக்கள்தொகையைப் பயன்படுத்துகின்றன, மற்ற பல ஆய்வுகள் உலக சுகாதார நிறுவனத்தின் புதியதை. ஒரே தரவிலிருந்து இரண்டு வேறு எண் வரும்.

வெளியிடும்போது ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று பேர் மட்டுமே இருந்தால் அதை மறைத்துவிடுங்கள். ஒரு சின்ன ஒன்றியத்தில் 15 வயதுக்குட்பட்ட ரத்தப் புற்றுநோயாளி ஒருவர் என்று அட்டவணையில் இருந்தால், ஊரில் எல்லோருக்கும் அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். வேலை முடிந்ததும் ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் கோப்பை அழித்து, அழித்ததற்கான கடிதம் கொடுங்கள். கட்டுரையின் ஒரு பிரதியையும், தரவில் நீங்கள் கண்ட பிழைகளின் பட்டியலையும் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். இரட்டைப் பதிவுகள், ஆண் என்று விழுந்த கருப்பைப் புற்றுநோய்கள், பிறப்பதற்கு முன்பே இறந்தவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். அடுத்த முறை நீங்கள் கடிதம் போடும்போது அந்த ஆபீஸில் உங்கள் பெயர் ஞாபகம் இருக்கும்.